புதுச்சேரி கோல்கொண்டேயும் அதன் ஜப்பானியத் தொடர்பும்

கோல்கொண்டே, புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தைச் சேர்ந்த தங்கும் விடுதி. டோக்கியோவில் இயங்கிய ஒரு கட்டடக்கலை அலுவலகத்தில் வரையப்பட்டு, 1937 முதல் 1940-களின் முற்பகுதி வரை புதுச்சேரியில் கட்டப்பட்டது. இதை வடிவமைத்தவர் பொஹீமியாவில் பிறந்து ஜப்பானில் வாழ்ந்த ஆன்டனின் ரேமண்ட். களத்தில் நின்று கட்டிமுடித்தவர்களில் முதன்மையானவர்கள், ஜப்பானியப் பெற்றோருக்கு அமெரிக்காவில் பிறந்த ஜார்ஜ் நாகஷிமாவும் செக் நாட்டவரான ஃபிரான்டிசெக் சாமரும். இந்தியாவில் எழுந்த தொடக்ககால நவீனக் கட்டடங்களுள் ஒன்றாக இது கருதப்படுகிறது. சண்டிகர் நகரத்துக்கான வரைபடப் பணி 1951-இல்தான் லெ கொர்பூசியேவின் கைக்கு வந்தது. அதற்கும் ஏறத்தாழ பத்தாண்டுகள் முன்பே கோல்கொண்டே எழுந்துவிட்டது.

இன்று தமிழகத்தில் ஜப்பான் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது இருங்காட்டுக்கோட்டையில் தொடங்கி திருப்பெரும்புதூர், வல்லம் வடகால், ஒரகடம் வரை நீளும் தொழிற்பேட்டைகள்தான். (இருங்காட்டுக்கோட்டையின் பெரிய ஆலையான ஹூண்டாய் கொரிய நாட்டுடையது. உள்ளூர்ப் பேச்சில் இரு நாட்டவரும் ஒன்றாகிவிடுவதுண்டு.) ஜப்பானியரின் வருகை கார்களோடும் இரு சக்கர வண்டிகளோடும் தொடங்கியதாகவே இங்கே எண்ணப்படுகிறது. ஆனால், ஜப்பானில் கற்ற ஒரு கட்டடக் கலைஞர் குழு அதற்கு எழுபது ஆண்டுகள் முன்பே தமிழ்க் கடற்கரைக்கு வந்து, தமிழ்த் தொழிலாளர்களோடு சேர்ந்து ஒரு கட்டடத்தை எழுப்பிவிட்டுப் போயிருக்கிறது.

முன்தொடர்புகள்

1904–05-இல் நடந்த ரஷ்ய–ஜப்பான் போரில் ஜப்பான் வென்றது ஆசிய நாடுகள் முழுவதிலும் கிளர்ச்சியை உண்டாக்கியது. தமிழ் இதழ்களும் அதைக் கொண்டாடின. 1908 முதல் 1918 வரை புதுச்சேரியில் வாழ்ந்த சுப்பிரமணிய பாரதியார், ஜப்பானின் வளர்ச்சியைப் பற்றித் தொடர்ந்து எழுதியவர். ஜப்பானியக் குறுங்கவிதை வடிவத்தைத் தமிழருக்கு அறிமுகப்படுத்தும் கட்டுரையை அவர் 1916-இல் சுதேசமித்திரனில் எழுதினார். தமிழில் ஹைக்கூவின் வரலாற்றை எழுதுவோர் எல்லாரும் அந்தக் கட்டுரையிலிருந்தே தொடங்குகின்றனர்.

அதே 1916-இல், பின்னாளில் ஆசிரமத்தில் ஸ்ரீ அன்னை என்று அழைக்கப்பட்ட மிரா அல்ஃபாசா ஜப்பானுக்குச் சென்றார். முதல் உலகப் போர்க் காலத்தில் நான்கு ஆண்டுகள் டோக்கியோவிலும் கியோட்டோவிலும் வாழ்ந்தார். 1920 ஏப்ரல் 24-ஆம் நாள் புதுச்சேரிக்குத் திரும்பி, இறுதிவரை அங்கேயே இருந்தார். பொருள்களைக் கையாளும் முறையிலும் தூய்மையிலும் அவர் காட்டிய கண்டிப்பில் இந்த ஜப்பானிய வாழ்க்கையின் சாயல் இருந்தது என்று எண்ண இடமுண்டு.

கட்டடத்தோடு நேரடித் தொடர்பு கொண்டவர் இன்னொருவர். பிலிப் பார்பியே செயின்ட் இலேர் என்ற பிரெஞ்சுப் பொறியாளர் 1920 முதல் 1924 வரை ஜப்பானில் வாழ்ந்தார். 1925 டிசம்பரில் புதுச்சேரிக்கு வந்து ஆசிரமத்தில் சேர்ந்தார். அங்கே அவருக்கு இடப்பட்ட பெயர் பவித்ரா. டோக்கியோவில் அவருக்கு அறிமுகமானவர்தான் ரேமண்ட். 1930-களின் நடுவில் ஆசிரமவாசிகளின் எண்ணிக்கை பெருகி, தங்குவதற்கு ஒரு விடுதி தேவைப்பட்டபோது பவித்ரா தம் பழைய நண்பரை நினைவுகூர்ந்தார். புதுச்சேரியில் கட்டவேண்டிய ஒரு விடுதிக்குப் பாரிசிலோ சென்னையிலோ ஆள் தேடாமல் டோக்கியோவுக்குக் கடிதம் போனதற்கு இந்த நட்பே காரணம்.

ரேமண்டும் அவருடைய அலுவலகமும்

ஆன்டனின் ரேமண்ட் 1888-இல் பொஹீமியாவின் கிளாட்னோ நகரில் பிறந்தார். 1910-இல் அமெரிக்கா சென்றார். அங்கே ஃபிராங்க் லாயிட் ரைட்டிடம் பணியாற்றினார். டோக்கியோவின் இம்பீரியல் ஹோட்டல் கட்டுமானத்துக்காக ரைட்டோடு 1919-இன் இறுதி நாளில் ஜப்பானில் இறங்கினார். விரைவிலேயே ரைட்டைவிட்டு விலகித் தனி அலுவலகம் தொடங்கினார். டோக்கியோவின் ரெய்னான்சகா பகுதியில் 1924-இல் தமக்கென்று கட்டிக்கொண்ட வீட்டில் கான்கிரீட்டைப் பூச்சால் மறைக்காமல் வெறுமையாகவே விட்டார். அக்காலத்தில் உலகில் எங்கும் அப்படிச் செய்யத் துணிந்தவர்கள் மிகச் சிலரே.

ரேமண்ட் ஜப்பானியக் கோயில்களின் கூரை வளைவுகளைக் கான்கிரீட்டில் நகலெடுக்கவில்லை. அவர் கவனித்தது அந்நாட்டு உழவர் வீடுகளையும் தச்சர்களையும். தூண் தூணாகவே தெரியவேண்டும், மரம் மரமாகவே இருக்கவேண்டும், தேவையற்றதை நீக்கவேண்டும், வீடும் தோட்டமும் ஒன்றுக்கொன்று திறந்திருக்கவேண்டும் என்பவை அவர் அங்கே கற்றுக்கொண்டவை. அவருடைய மனைவி நோயெமி ரேமண்டும் கலைஞர்; அறைகலன்கள், துணிகள் ஆகியவற்றின் வடிவமைப்பில் அவருக்குப் பெரும் பங்குண்டு. ஜப்பானின் நவீனக் கட்டடக்கலையில் பின்னாளில் பெரும்பெயர் பெற்ற குனியோ மாயேகவா, ஜுன்சோ யோஷிமுரா இருவரும் ரேமண்டின் அலுவலகத்தில் வேலை பார்த்தவர்கள். 1934-இல் அங்கே வந்து சேர்ந்த மற்றோர் இளைஞர் ஜார்ஜ் நாகஷிமா.

கட்டுமானம்

நாகஷிமா 1905-இல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்திலுள்ள ஸ்போகேன் நகரில் பிறந்தவர். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் கட்டடக்கலையில் முதுகலைப் பட்டம் பெற்றார். பாரிசில் ஓராண்டு தங்கிவிட்டு, தம் பெற்றோரின் நாட்டைப் பார்க்க ஜப்பான் சென்றார். 1937-இல் ரேமண்டின் சார்பில் புதுச்சேரிக்கு வந்து களப்பணியின் பொறுப்பை ஏற்றார். அப்போது புதுச்சேரி பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது.

பணம் ஹைதராபாதிலிருந்து வந்தது. அங்கே உயர்பதவி வகித்த சர் அக்பர் ஹைதரி அரவிந்தரிடம் ஈடுபாடு கொண்டவர். அவருடைய முயற்சியால் நிஜாம் அரசு ஒரு லட்சம் ரூபாய் வழங்கியது. அந்த நன்றியின் பேரில், நிஜாம் நாட்டின் வைரப் புகழ்பெற்ற கோல்கொண்டாவின் பெயரைப் பிரெஞ்சு உச்சரிப்பில் கட்டடத்துக்குச் சூட்டினர். ஆக, பெயர் தெலுங்கு நாட்டுடையது, உச்சரிப்பு பிரெஞ்சுக்காரருடையது, பணம் நிஜாமுடையது, வரைபடம் டோக்கியோவுடையது, உழைப்பு தமிழ்க் கரையுடையது.

வேலை மெதுவாக நடந்தது. பெரிய கட்டுமான இயந்திரங்களோ பயிற்சிபெற்ற ஒப்பந்ததாரரோ இல்லாத சூழலில், கம்பி கட்டிக் கான்கிரீட் வார்க்கும் வேலை பெரும்பாலோர்க்குப் புதிது. முழு அளவில் ஒரு மாதிரி அறையை முதலில் கட்டிப் பார்த்தனர். தவறுகளை அதில் செய்து, அதிலேயே திருத்திக்கொண்டனர். ஆசிரமவாசிகளில் பலர் கட்டுமானத்தில் முன்னனுபவம் இல்லாமலே மேற்பார்வைக்கும் உடலுழைப்புக்கும் வந்தனர். ஆசிரமப் பொறியாளர் சந்துலால் உடனிருந்தார். கதவுகளுக்கும் லூவர்களுக்கும் தேவையான பித்தளைப் பொருத்துகளை வெளிநாட்டிலிருந்து வரவழைக்காமல், பித்தளைப் பாத்திரங்களை உருக்கி உள்ளூரிலேயே வார்த்தனர். இதற்கென்று உதார் பின்டோவின் பொறுப்பில் உருவான பட்டறைக்கு, பிரெஞ்சு நாடகாசிரியர் மோலியேர் படைத்த கருமியின் பெயரான 'ஆர்பகோன்' என்ற பெயரை அன்னை சூட்டினார். எதையும் வீணாக்கக் கூடாது என்ற விதிக்குக் கருமியின் பெயரை வைத்ததில் நகைச்சுவை இல்லாமல் இல்லை.

ரேமண்ட் 1938-இல் குடும்பத்தோடு வந்து சில மாதங்கள் புதுச்சேரியில் தங்கினார். லாபமும் கெடுவும் துரத்தாத ஒரு கட்டுமானத்தை அவர் தம் வாழ்நாளில் வேறெங்கும் கண்டதில்லை. பல பத்தாண்டுகளுக்குப் பிறகு வெளியிட்ட தன்வரலாற்றிலும் இந்த மாதங்களை வியப்போடு நினைவுகூர்ந்தார். லெ கொர்பூசியேவிடமும் பின்னர் மாஸ்கோவிலும் வேலை பார்த்துவிட்டு டோக்கியோ வழியாக வந்த சாமர், நாகஷிமா போன பிறகும் பணியைத் தொடர்ந்தார்.

நாகஷிமா ஊதியம் வாங்க மறுத்து ஆசிரமவாசியாகவே ஆகிவிட்டார். அவருக்கு 'சுந்தரானந்தா' என்ற பெயர் கிடைத்தது. அழகில் இன்பம் காண்பவர் என்பது பொருள். 1939-இல் அவர் புதுச்சேரியைவிட்டுச் சென்றார். கட்டடம் முடிந்த ஆண்டை 1942 என்போரும் உண்டு, 1945 என்போரும் உண்டு. பெரும்பணி முடிந்ததைக் கணக்கில் கொள்வதா, இழைப்புப்பணி முடிந்ததைக் கொள்வதா என்பதைப் பொறுத்த வேறுபாடு இது.

நூல்களில் பெயரோடு இடம்பெறுபவர்கள் இவ்வளவுதான். சட்டியில் கான்கிரீட்டைத் தலையில் சுமந்து சாரம் ஏறிய ஆண்களும் பெண்களும், சென்ட்ரிங் பலகை அடித்த தச்சர்களும், சுவரை இழைத்த கொத்தனார்களும் பெயரில்லாமல் இருக்கிறார்கள். தமிழகத்தின் பெரும்பாலான கட்டட வரலாறுகளின் நிலை இதுதான் என்றாலும், இங்கே குறை சற்றுக் கூடுதலாகவே உறுத்துகிறது. ஏனெனில் இந்தக் கட்டடத்தின் சிறப்பே கைவேலையின் நேர்த்தியில்தான் இருக்கிறது.

கட்டடத்தின் அமைப்பு

பாதி நிலத்துக்குள் இறங்கிய கீழ்த்தளமும் அதன்மேல் மூன்று தளங்களும் கொண்டது கோல்கொண்டே. சற்றே விலகி நிற்கும் இரண்டு நீண்ட பகுதிகளை மாடிப்படி இணைக்கிறது. அறைகள் எல்லாம் தெற்கு நோக்கியவை. அவற்றின் பின்னால் வடக்குப் பக்கம் ஒரே நடைகூடம் ஓடுகிறது. அறைகளின் இருபுறமும் வெளிக்காற்று படும்படி திட்டமிட்டதால், நடுவில் நடைகூடமும் இருபக்கமும் அறைகளும் என்ற வழக்கமான விடுதி அமைப்பு கைவிடப்பட்டது.

வெளிப்பக்கத்தில் வழக்கமான சுவரோ கண்ணாடி சன்னலோ இல்லை. தரையிலிருந்து கூரைவரை, அச்சில் சுழலும் கிடைமட்ட லூவர் பலகைகளே வரிசையாக நிற்கின்றன. அவை அஸ்பெஸ்டாஸ் சிமென்ட்டால் ஆனவை. (அக்காலத்தில் அது புதுமையான, நம்பகமான பொருள், அதன் தீங்கு பரவலாக அறியப்பட்டது பிற்பாடு.) பித்தளைப் பிடியைத் திருப்பினால் பலகைகள் ஒன்றாகத் திறக்கும். வெயிலில் பாதி சாய்த்து வைக்கலாம், வடகிழக்குப் பருவமழையில் மூடிக்கொள்ளலாம், இரவில் முழுக்கத் திறந்துவிடலாம். அறைக்குள் இருப்பவருக்கு வெளிச்சமும் காற்றும் கிடைக்கும். தெருவில் போகிறவருக்கு உள்ளே இருப்பவர் தெரியமாட்டார்.

நடைகூடத்துக்கும் அறைக்கும் இடையில் தேக்குச் சட்டங்களை இடைவெளிவிட்டுக் கோத்த நகரும் கதவுகள் உள்ளன. மூடியிருக்கும்போதும் காற்று நுழையும் வகையில் அமைந்தவை அவை. கீல் போட்டுத் திறக்கும் கதவையே அறிந்த ஊரில், பக்கவாட்டில் நகரும் இந்தக் கதவுகள்தாம் ஜப்பானிய வீட்டைக் கண்கூடாக நினைவூட்டும் உறுப்பு. தரையில் மெருகேற்றிய கருங்கடப்பைக் கல். உட்சுவர்களுக்குக் கிளிஞ்சல் சுண்ணாம்புப் பூச்சு. இந்தப் பூச்சு டோக்கியோவிலிருந்து வந்ததல்ல. சோழமண்டலக் கரையில் தலைமுறைகளாகக் கொத்தனார்கள் கைவந்த கலை அது. அரைத்த சுண்ணாம்பைக் கூழாங்கல்லால் தேய்த்துப் பளிங்குபோல் ஆக்கும் முறையைச் செட்டிநாட்டு வீடுகளில் காணலாம். நவீன கான்கிரீட் சட்டகத்துக்குள் இந்தப் பழைய பூச்சு மிக இயல்பாகப் பொருந்திக்கொண்டது.

கூரை இரட்டைக் கூரை. கான்கிரீட் தளத்தின்மேல் இடைவெளிவிட்டு, முன்கூட்டி வார்த்த மெல்லிய வளைந்த கான்கிரீட் ஓடுகளை வரிசையாகக் கவிழ்த்திருக்கிறார்கள். வெயில் ஓட்டைச் சுடுகிறது. ஓட்டுக்கும் தளத்துக்கும் இடையிலுள்ள காற்று அந்தச் சூட்டைக் கீழே இறங்கவிடுவதில்லை. வடக்கே நிழல் தரும் தோட்டம் ஒன்றும் தெற்கே மற்றொன்றும் உள்ளன. இரு பக்கத்து வெப்பமும் வேறுபடுவதால் காற்று கட்டடத்தின் ஊடாக நகர்கிறது. மே மாதப் புதுச்சேரியில் குளிரூட்டி இல்லாமல் வாழத்தக்க கான்கிரீட் கட்டடம் என்பது இன்றைய அடுக்குமாடிவாசிகளுக்கு நம்பக் கடினமான செய்தி. பகலெல்லாம் சூட்டை வாங்கி இரவெல்லாம் அதை உள்ளே விடுவதே கான்கிரீட்டின் இயல்பு என்று நாம் பழகிவிட்டோம். கோல்கொண்டேயைக் காணும்போது, குற்றம் கான்கிரீட்டில் இல்லை, அதைக் கையாளும் முறையில்தான் என்று தோன்றும்.

இந்த வகையில், கோல்கொண்டேயை ஜப்பானியக் கட்டடம் என்று சொல்வது சரியா என்ற கேள்வி எழும். வளைந்த கூரை, காகிதச் சன்னல், சிவப்பு வாயில் என எதுவும் இதில் இல்லை. ஆனால் அளவுகளின் ஒழுங்கு, பொருளை மறைக்காத நேர்மை, நகரும் தடுப்புகள், தோட்டத்தை அறையின் நீட்சியாகக் கருதுதல் ஆகியவை ரேமண்ட் ஜப்பானியத் தச்சர்களிடம் கற்றவை. அந்தப் பொருளில் இது தமிழ்க் கரையிலுள்ள மிக முக்கியமான ஜப்பானியக் கட்டடம்.

போர்

கோல்கொண்டே எழுந்த ஆண்டுகள் ஜப்பானின் போர் ஆண்டுகள். 1937-இல் ஜப்பான் சீனாமீது முழுப்போர் தொடுத்தது. 1941 டிசம்பரில் பசிபிக் போர் மூண்டது. 1942 ஏப்ரல் 5-இல் கொழும்பும் 6-இல் விசாகப்பட்டினமும் காக்கிநாடாவும் 9-இல் திருகோணமலையும் ஜப்பானிய விமானங்களின் குண்டுவீச்சுக்கு ஆளாயின. சென்னையில் பீதி பரவியது. லட்சக்கணக்கானோர் மூட்டை முடிச்சுகளோடு உள்ளூர்களுக்கு ஓடினர். அரசு அலுவலகங்கள் இடம் மாறின. அதே ஆண்டு மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்கள் சயாம்–பர்மா ரயில்பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். 415 கிலோமீட்டர் நீளமான அந்தப் பாதையில் காலராவாலும் பட்டினியாலும் அடியாலும் இறந்த தமிழர் பல்லாயிரம் பேர். அந்தத் தலைமுறைத் தமிழருக்கு 'ஜப்பான்காரன்' என்ற சொல் தோட்டத்தையும் தேநீரையும் நினைவூட்டவில்லை.

அந்த நாள்களில்தான், ஜப்பானியக் கைநேர்த்தியைப் பாடமாகக் கொண்ட ஒரு கட்டடம் புதுச்சேரியில் இழைக்கப்பட்டுக்கொண்டிருந்தது. 1940 செப்டம்பரில் புதுச்சேரி நிர்வாகம் சுதந்திரப் பிரான்சின் பக்கம் சேர்ந்திருந்தது. சாமர் பிரிட்டிஷ் படையில் சேரப் போனார்.

நாகஷிமாவின் நிலை வேறு. அமெரிக்காவுக்குத் திரும்பித் திருமணம் செய்துகொண்டு, சியாட்டிலில் மரச்சாமான் பட்டறை நடத்திவந்தார். 1942-இல் ஜப்பானிய வம்சாவளியினர் என்ற ஒரே காரணத்துக்காக அவரும் மனைவி மரியனும் கைக்குழந்தை மீராவும் ஐடஹோ மாநிலத்தின் மினிடோகா முகாமில் அடைக்கப்பட்டனர். அமெரிக்காவில் பிறந்த அமெரிக்கக் குடிமகன் அவர். முகாமில், மரபுவழித் தச்சுக்கலையில் தேர்ந்த ஒருவரோடு சேர்ந்து வேலைசெய்து, ஜப்பானிய மரவேலையின் நுட்பங்களைக் கற்றார். புதுச்சேரியில் பார்த்துப் பழகிய கைவேலை ஒழுக்கம் முள்வேலிக்குள் முழுமை பெற்றது. 1943-இல் ரேமண்ட் பொறுப்பேற்றுக்கொண்டதால் அவருக்கு விடுதலை கிடைத்தது. குடும்பம் பென்சில்வேனியாவின் நியூ ஹோப்பில் ரேமண்டின் பண்ணைக்குப் போய்ச் சேர்ந்தது.

அதே 1943-இல் ரேமண்ட் செய்த மற்றொரு வேலையையும் குறிப்பிட்டாக வேண்டும். அமெரிக்கப் படையின் வேண்டுகோளின்படி, யூட்டா மாநிலத்தின் டக்வே பாலைவனத்தில் ஒரு 'ஜப்பானியக் கிராம'த்தை அவர் வடிவமைத்தார். மரத்தாலான வரிசை வீடுகள், உள்ளே பாய்த் தரை என, டோக்கியோ தொழிலாளர் குடியிருப்புகளை ஒத்திருந்தது அது. தீக்குண்டுகள் அவ்வகை வீடுகளை எப்படி எரிக்கும் என்று சோதிப்பதற்காகவே அதைக் கட்டினார்கள். எரித்தார்கள், மறுபடி கட்டினார்கள், மறுபடி எரித்தார்கள். 1945 மார்ச் 9–10 இரவில் டோக்கியோமீது பொழிந்த தீக்குண்டுகளில் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் மாண்டனர். ஜப்பானிய வீட்டை நேசித்து, அதன் ஒவ்வொரு இணைப்பையும் அறிந்து, அந்த அறிவால் கோல்கொண்டேயை வரைந்தவர்தான், அந்த அறிவையே இதற்கும் கொடுத்தார். தமக்கும் மனைவிக்கும் அது எளிதான பணியாக இருக்கவில்லை என்று அவர் பின்னர் எழுதினார். கோல்கொண்டேயைப் புகழும் கட்டுரைகள் பலவற்றில் இந்தச் செய்தி இடம்பெறுவதில்லை. இதைச் சேர்த்துப் படிக்கும்போதுதான் அந்த மனிதரின் உருவம் முழுமையாகிறது. கட்டடத்தின் அமைதிக்கு அது குறைவு செய்வதில்லை. ஆனால் அந்த அமைதியை எளிதாக எடுத்துக்கொள்ள முடியாமல் செய்கிறது.

பிற்காலம்

போருக்குப் பின் ரேமண்ட் ஜப்பானுக்குத் திரும்பி மீண்டும் அலுவலகம் தொடங்கினார். 1976-இல் மறைந்தார். நாகஷிமா இருபதாம் நூற்றாண்டின் புகழ்பெற்ற மரச்சாமான் கலைஞர்களுள் ஒருவரானார். மரத்தின் வெடிப்பையும் முடிச்சையும் விளிம்பின் ஒழுங்கின்மையையும் சீவி எறியாமல் அப்படியே காட்டியது அவருடைய முத்திரை. 1964-இல் அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்துக்காக அறைகலன்களை வடிவமைக்க மீண்டும் இந்தியா வந்தார். 1990-இல் மறைந்தார்.

தம் இறுதி ஆண்டுகளில், பெரிய வால்நட் மரத்தை அறுத்து உலகின் ஒவ்வொரு கண்டத்திலும் ஓர் 'அமைதி மேடை' நிறுவவேண்டும் என்று நாகஷிமா விரும்பினார். முதல் மேடை 1986-இல் நியூயார்க்கின் புனித ஜான் பேராலயத்தில் வைக்கப்பட்டது. ஆசியாவுக்கான மேடை அவர் மறைவுக்குப் பின் 1996-இல் புதுச்சேரியை அடுத்த ஆரோவில்லுக்கு வந்து சேர்ந்தது. 1939-இல் சுந்தரானந்தா விட்டுச்சென்ற நிலத்துக்கு, சில கிலோமீட்டர் தொலைவில், அவர் கையின் மரம் திரும்பி வந்தது.

நகரப் பாரம்பரிய விழாவும் கோல்கொண்டேயும்

புதுச்சேரியின் பழைய கட்டடங்களைக் காக்கும் முயற்சியில் இன்டாக் அமைப்பு 1980-களிலிருந்து ஈடுபட்டுவருகிறது. 2014 நவம்பர் 29-இல் கடற்கரைச் சாலையின் பழைய மேரி கட்டடம் மழையில் இடிந்து விழுந்தபோது, இழப்பின் அளவு பொதுமக்களுக்கும் உறைத்தது. அது பழைய வடிவிலேயே மறுபடி கட்டப்பட்டு 2021-இல் திறக்கப்பட்டது. ஏறத்தாழ அந்த இடிபாட்டுக் காலத்திலிருந்து, ஆண்டின் தொடக்க மாதங்களில் நடைபெறும் பாண்டிச்சேரி பாரம்பரிய விழா ஊர் முழுவதையும் அரங்காக்கிக்கொண்டது. தெருநடைகள், கண்காட்சிகள், கச்சேரிகள், பழைய வீடுகளைப் பொதுமக்களுக்குத் திறந்துவிடுதல் என்று அது விரிகிறது.

இவ்விழாவில் இயல்பாகவே முன்னிற்பவை இரண்டு: பிரெஞ்சுக் குடியிருப்பின் மஞ்சள் மாளிகைகளும், தமிழர் பகுதியின் திண்ணையும் தாழ்வாரமும் முற்றமும் கொண்ட வீடுகளும். ஊரைப் பிரெஞ்சு, தமிழ் என்று இரண்டாகப் பிரித்துப் பார்க்கும் பழக்கம் வழிகாட்டிப் புத்தகங்களிலும் ஊறியிருக்கிறது. கோல்கொண்டே இந்த இரண்டிலும் அடங்குவதில்லை. நூறாண்டுகூட ஆகாததால் அது 'பழைய' கட்டடமாகவும் கண்ணுக்குத் தோன்றுவதில்லை. போதாக்குறைக்கு, இன்றும் ஆட்கள் வசிக்கும் விடுதி என்பதால், அமைதி கருதி, அனுமதி பெற்றே உள்ளே பார்க்கமுடியும். கடற்கரைக்கு வரும் சுற்றுலாப் பயணிகளில் பெரும்பாலோர் அதன் மதிலைக் கடந்து போய்விடுகிறார்கள். கட்டடக்கலை மாணவர்களோ நெடுந்தொலைவிலிருந்தும் அதைத் தேடி வருகின்றனர்.

கலைவிழாக்கள் கட்டடங்களுக்கு என்ன செய்யும் என்பதற்கு ஜப்பானிலேயே சான்றுண்டு. நீகாட்டா மாநிலத்தின் எச்சிகோ–சுமாரி வட்டாரத்தில் 2000-இல் தொடங்கிய முக்கூராண்டுக் கலைவிழா, முதியோர் மட்டுமே எஞ்சிய மலைக்கிராமங்களின் காலி வீடுகளையும் மூடப்பட்ட பள்ளிகளையும் கலைக்கூடங்களாக்கியது. இந்தியாவில் 2012-இல் தொடங்கிய கொச்சி–முசிரிசு விழா, கொச்சிக் கோட்டையின் பாழடைந்த கிடங்குகளுக்குள் மக்களை அழைத்துவந்தது. கோல்கொண்டேக்கு இந்த முறை அப்படியே பொருந்தாது. அது காலியான கட்டடமும் அல்ல, கூட்டத்தை வேண்டுவதும் அல்ல. அதன் வரைபடங்களும் கட்டுமானப் புகைப்படங்களும், ஒரு லூவர் வரிசையின் முழு அளவு மாதிரியும் வெளியே ஒரு கூடத்தில் காட்சிக்கு வந்தாலே போதும். விடுதியின் அமைதி கெடாது. அந்தப் புகைப்படங்களில் சட்டி சுமந்து நிற்பவர்களின் பேரப்பிள்ளைகள் யாராவது தம் பாட்டியை அடையாளம் காணவும் கூடும்.

இருங்காட்டுக்கோட்டை–ஒரகடம் வட்டாரத்தில் இத்தகைய ஒன்று இன்னும் உருவாகவில்லை. 2010 மார்ச்சில் ஒரகடத்தில் ரெனோ–நிசான் ஆலை திறக்கப்பட்டது. 2025-இல் நிசான் தன் பங்கை ரெனோவுக்கே விற்பதாக அறிவித்தது. யமஹா, கோமட்சு போன்ற நிறுவனங்கள் தொடர்கின்றன. வந்து தங்கிய ஜப்பானியருக்காகத் திறந்த உணவகங்களும் விடுதிகளும், ஜப்பானிய எழுத்துப் பலகைகளும் நெடுஞ்சாலையோரத்தில் தென்படுகின்றன. ஆலைக் கொட்டகைகள் நெளிதகடும் இரும்புச் சட்டமுமாக எங்கும் ஒரே அச்சில் இருக்கின்றன. அங்கே பணிபுரியும் இளைஞர்கள் 'கைசன்', 'ஃபைவ் எஸ்' என்ற சொற்களை நாள்தோறும் புழங்குகிறார்கள். கருவியைத் துடைத்து அதற்குரிய இடத்தில் வைத்துவிட்டுத்தான் ஷிப்ட் முடிந்து பேருந்து ஏறுகிறார்கள்.